மூத்த மரங்களின் நிழலில்

உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பத்தினருக்கு மலை என்றால் ஒரே மலைதான். மலைநடை என்றால் அலிபிரிப் படி ஏறுவதுதான். அதுவும் ஊரிலிருந்து உறவினர் வந்தால்தான் நிகழும். முடி காணிக்கை, தரிசனம், லட்டு, மாலை வண்டிக்கு ஓட்டம் என்று அவர்கள் வந்த காரியம் முடிந்துவிடும். அவர்களை வண்டியேற்றிவிட்டு வீடு திரும்பும் நமக்கோ, இம்மலைத்தொடரின் மடியிலேயே ஆண்டுக் கணக்காக வாழ்ந்தும், அதன் காட்டினுள் சற்று நேரம் நடந்து ஒரு பெருமரத்தின் அடியில் அமர்ந்து எழும் வழக்கம் உண்டாகவில்லை.

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று சங்கத்துத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கின்றனர். ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு வண்டிகள் போகும் ஊர்கள் தெரியும். அவ்வூர்களில் சிலவற்றுக்குக் குடும்பத்தோடு சென்று வந்த அனுபவமும் உண்டு. ஆதலின் மூத்த மரங்களை நாடிச் செல்லும் சில சிறு நடைகளை இங்கு எழுதுகிறோம். இவை மலையேற்ற வீரர்களுக்கு உரியன அல்ல. முழங்கால் வலியுள்ள பாட்டியும், பத்தடிக்கு ஒரு முறை தண்ணீர் கேட்கும் பேரனும் சேர்ந்தே நடக்கலாம். கட்டுச்சோறும் குடையும் போதும்.

முதலில் நம் வீட்டு வாசலில் இருப்பதையே சொல்லிவிடுவோம். அலிபிரி என்ற பெயரின் பிறப்பைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். 'அடிப்படி' என்ற தமிழ்ச் சொல்லே திரிந்தது என்பர் ஒரு சாரார். 'அடிப்புளி' என்பதே மூலம் என்பர் மற்றொரு சாரார். மலையடிவாரத்தில் நின்ற புளியமரத்தின் கீழ்த்தான் இராமாநுசர் தம் அம்மானாகிய திருமலை நம்பியிடம் ஓராண்டுக் காலம் இராமாயணப் பொருள் கேட்டார் என்பது வைணவ மரபு. மலைமேலும் புளியமரத்தடிப் புற்றிலேதான் திருவேங்கடவன் உறைந்தான் என்று தலபுராணம் கூறும். எந்த வகையில் பார்த்தாலும், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் ஓர் ஊர்ப்பெயருக்குள் ஒரு தமிழ் மரம் ஒளிந்து நிற்கிறது என்று எண்ணுவதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. 'தமிழ் மரம்' என்று எழுதிவிட்டோமே தவிர, புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்பது தாவர நூலார் முடிவு. நெடுங்காலத்துக்கு முன்னரே இங்கு வந்து குடியேறி, நம் குழம்பிலும் இரசத்திலும் கலந்து, இனி அதை அந்நியம் என்று சொல்ல யாருக்கும் நா எழாத நிலையை அடைந்துவிட்டது. வந்து குடியேறிய நமக்கு அதனிடம் தனிப் பரிவு இருப்பதில் வியப்பென்ன?

பெங்களூரில் உறவினர் உடையவர்கள் தேவனஹள்ளிக்கு அருகிலுள்ள நல்லூர்ப் புளியந்தோப்பை ஒரு முறை காணலாம். 54 ஏக்கர் பரப்பில் பன்னூறு ஆண்டு கண்ட புளியமரங்கள் நிற்கின்றன. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பல்லுயிர் மரபுத் தலம் என்று 2007ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இடம் அது. அடிமரங்கள் முறுக்கிப் பிழிந்த துணிபோல் தோன்றும்.

அலிபிரிப் படிகள் 3,550. சீனிவாச மங்காபுரத்தின் பக்கமாக ஏறும் ஸ்ரீவாரி மெட்டு 2,388 படிகளோடு முடிந்துவிடும். தொலைவும் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். இரண்டும் காட்டின் ஊடே செல்வன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அலிபிரி வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. அதன் பின்னர்ப் பிள்ளைகளோடு ஏறுவோர்க்கு நேரக் கட்டுப்பாடு விதித்தனர். நடப்போர் கையில் கோலும் கொடுத்தனர். ஆதலின் படிவழியே ஆயினும், பிள்ளைகளை முன்னே ஓடவிட்டுப் பெரியவர்கள் பின்னே பேசிக்கொண்டு செல்லுதல் கூடாது.

இனி உண்மையான காட்டு நடைக்கு வருவோம். திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் தலகோனா. சேஷாசல மலைத்தொடரின் தலைப்பகுதி என்பதால் அப்பெயர் என்பர். 1989ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவுக்குள் இது அடங்கும். சித்தேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு அருவியை நோக்கிப் புறப்படலாம். 270 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவிதான் ஆந்திர மாநிலத்திலேயே உயரமானது. பெரும்பாலோர் அருவி ஒன்றையே நினைத்து விரைந்து நடக்கின்றனர். நம் அறிவுரை யாதெனில், அருவி எங்கும் ஓடிவிடாது, மெல்ல நடவுங்கள்.

ஓடைக்கரையில் பட்டை வெளுத்து உரியும் மருத மரங்கள் நிற்கும். காட்டு மாவும் நாவலும் நெருங்கி வளர்ந்து பகலிலேயே மாலைப் பொழுதின் மங்கலைத் தரும். இவற்றினூடே தெலுங்கர் 'கில்ல தீகை' என்று அழைக்கும் மாபெருங் கொடியைக் காணலாம். கொடி என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்பதே ஐயம். யானைத் துதிக்கைபோல் பருத்து, தரையில் கிடந்து, வளைந்து, ஒரு மரத்தில் ஏறி, அங்கிருந்து வேறொரு மரத்துக்குத் தாவி, மறுபடியும் தரைக்கு இறங்கி, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று தெரியாதபடி காட்டையே ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாம். நம் வீட்டுப் பந்தல் அவரைக்கு இப்படி ஓர் உறவினர் உண்டு என்பதை நம் இல்லத்தரசியார் நெடுநேரம் நம்பவில்லை. ஒரு முழம் இரண்டு முழம் நீளத்துக்குத் தொங்கும் நெற்றினைக் கண்ட பிறகே நம்பினார். நெற்றினுள் இருக்கும் கொட்டைகள் பழுப்பு நிறமாய், வட்டமாய், மெருகேற்றியவைபோல் மின்னும். பிள்ளைகள் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளத் துடிப்பார்கள். தேசியப் பூங்காவில் எதையும் எடுத்தல் குற்றம் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கொடியில் ஊஞ்சலாடும் ஆசை பெரியவர்களுக்கே வருகிறது. பன்னூறு ஆண்டாக நிற்பது என்று உள்ளூரார் கூறும் ஓர் உயிரின்மேல் ஞாயிறுதோறும் நூறு பேர் ஏறி ஆடினால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அதிர்ஷ்டம் உள்ளவர்கள் மரக்கிளையில் மலை அணிலைக் காணலாம். இரவில் நடமாடும் தேவாங்கும், பாறையிடுக்கில் வாழும் பொன்னிறப் பல்லியும் இக்காட்டில் உண்டு. நாம் கண்டது குரங்குகளை மட்டுமே. அவையும் நம் புளியோதரையைக் கண்டன. அருவியடிக் குளத்தில் குதித்து உயிர் துறந்தோர் உளராதலின் இளைஞர்களைக் கண்காணிக்க வேண்டும்.

தலகோனாவுக்குச் செல்லும் வழியிலும் திருமலைச் சரிவுகளிலும் நாம் பார்த்தும் பாராமல் கடந்துபோகும் ஒரு மரம் உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அது உருவத்தால் பெரிய மரம் அன்று. நான்கைந்து ஆள் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் வளர்வதில்லை. பட்டை முதலையின் தோல்போலக் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். ஒரு காம்பில் மூன்று வட்ட இலைகள். வெட்டினால் குருதிபோல் சாறு கசியும். அதுவே செம்மரம், செஞ்சந்தனம் என்றும் கூறுவர். உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இத்தென்பகுதியில்தான், அதாவது சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் முதலிய சீமைகளிலும் அவற்றை ஒட்டிய சில இடங்களிலும் மட்டுமே, இது இயற்கையாக விளைகிறது. பாறை இடுக்கில், மண்ணே இல்லாத இடத்தில், மிகமிக மெதுவாக வளர்வது. இடுப்பளவு பருமனுள்ள ஒரு செம்மரத்தை நீங்கள் கண்டால், அது உங்கள் பாட்டனாரைக் காட்டிலும் மூத்தது என்று வணங்கிவிட்டுச் செல்லலாம்.

அதன் வைரத்துக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் பெருவிலை. அங்கே அறைகலன்களும் இசைக்கருவிகளும் செய்கின்றனர். 1995ஆம் ஆண்டு முதல் இதன் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2010ஆம் ஆண்டில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும் வெட்டு நிற்கவில்லை. விற்பவனும் வாங்குபவனும் காட்டுக்குள் வருவதில்லை. கோடரி தூக்கிக்கொண்டு வருபவன் பெரும்பாலும் தமிழன். திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து, மரம் வெட்டப் பழகிய கைகளைக் கூலிக்குப் பிடித்து வருகின்றனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசல வனத்தில் தனிப்படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். அனைவரும் தமிழ்நாட்டினர். அவர்கள் கூட்டமாகத் தாக்க வந்தமையால் சுட்டோம் என்றனர் காவலர். முன்னரே பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டனர் என்று முறையிட்டனர் உறவினர். வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன.

இதை ஏன் உல்லாச நடையைப் பற்றிய கட்டுரையில் எழுதுகிறீர் என்று சிலர் கேட்கக்கூடும். நம் பயணச்சீட்டு ஜன்னலுக்கு எதிரே நின்ற முகங்களைக் கண்டதால்தான் எழுதுகிறோம். வாரத்தில் ஒரு நாளேனும் ஒரு மலைக் கிராமத்துப் பெண்மணி, இடுப்பில் குழந்தையும் கையில் மடித்த காகிதமுமாய் வந்து நிற்பாள். தெலுங்கு தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாது.

"சாமி, கோர்ட்டுக்கு எந்தப் பக்கம் போவணும்?"

"யாரைப் பார்க்கணும் அம்மா?"

"வூட்டுக்காரரை. மேஸ்திரி வேலைன்னு கூட்டிக்கினு வந்தாங்க. கட்டை வெட்டுனதா புடிச்சு வெச்சிருக்காங்களாம்."

மேஸ்திரி வேலை என்று மெய்யாகவே நம்பி வந்தானோ, தெரிந்தே வந்தானோ, நாம் அறியோம். தெரிந்தே வந்தோரும் உண்டு. வழியைத் தமிழில் சொல்லி, காகிதத்தின் பின்புறத்தில் தெலுங்கிலும் எழுதிக் கொடுப்போம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பர். இத்தகையோர்க்கு மொழிபெயர்த்து உதவ நம் சங்கத்திலிருந்து ஓரிருவர் முறைவைத்து நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்பது நம் கருத்து. அதனைச் செயற்குழுவின் முன் வைத்திருக்கிறோம். மரத்தைக் காப்பது அரசின் கடமை என்பதில் நமக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஐந்நூறு ரூபாய்க் கூலிக்கும் ஆயிரம் ரூபாய்க் கூலிக்கும் காட்டில் சாகும்படி ஒரு மனிதனை அனுப்பிவிட்டு, தூர தேசத்தில் நாற்காலி விற்பவன் சுகமாக இருக்கிறான் என்பதையும் மறத்தற்கில்லை.

இதனின்று நடைப்பிரியர்களுக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைதல் குற்றம். தமிழ் பேசும் இளைஞர் நால்வர், சுமைப்பையோடு, விடியற்காலையில், பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் காணப்பட்டால் அது என்னவாகத் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கி, திறந்துவிட்ட பாதையில் மட்டும் நடந்து, பொழுது சாயுமுன் வெளியேறிவிட வேண்டும். அடையாளச் சீட்டும் உடன் இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை பேருந்தில் சென்று அன்றே திரும்புபவை. இனி நமக்குச் சொந்தமான இருப்புப்பாதையில் செல்வோம். திருப்பதியிலிருந்து பாகாலா சந்திப்பு சென்று, காட்பாடிப் பாதையை விட்டு மேற்கே திரும்பும் பாதை தர்மாவரம் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர் பாதையாகப் போடப்பட்டு, இந்நூற்றாண்டில் அகலப்பாதையாக மாறியது. பீலேரு, கலிகிரி, மதனப்பள்ளி ரோடு, முலகலசெருவு என்று ஒவ்வொரு நிலையமாக நின்று செல்லும் வண்டியில் ஏறினால், புளியந்தோப்பும் வேர்க்கடலைக் காடும் பாறைக் குன்றுமாய்க் காட்சி மாறிக்கொண்டே வரும். மதனப்பள்ளி நகரம் மதனப்பள்ளி ரோடு நிலையத்திலிருந்து நெடுந்தூரம். இது தெரியாமல் இறங்கித் திகைப்போரை நாம் அறிவோம். பெயரில் 'ரோடு' என்றிருந்தால் ஊர் தள்ளியிருக்கும் என்பது ரயில்வேக்காரர் அறிந்த இரகசியம்.

மதனப்பள்ளிக்கு அப்பால் 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஹார்ஸ்லி மலை உள்ளது. கடப்பைக் கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்பார் கோடைக்கு அங்கே மாளிகை கட்டியதால் அப்பெயர். அதற்கு முன் ஏனுகு மல்லம்மா கொண்டா என்று வழங்கிற்று. யானைகள் பேணி வளர்த்த மல்லம்மா என்ற சிறுமியின் கதை அப்பெயரில் இருக்கிறது. அங்கே 1859ஆம் ஆண்டில் நட்டதாகக் கூறப்படும் தைலமரம் ஒன்று 40 மீட்டர் வரை ஓங்கி வளர்ந்து, 'கல்யாணி' என்று பெண்பெயரும் பெற்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்துக்கு ஆந்திர மலையில் கல்யாணி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாழ்க! காற்று குளிர்ந்தது, பாதை ஏற்றமில்லாதது. ஆனால் விடுமுறைக் கூட்டம் மிகுதி. இதற்கு மேல் இம்மலையைப் பற்றி எழுத நமக்கு ஒன்றும் இல்லை.

நாம் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் கதிரி. நரசிங்கப் பெருமாள் கோயில் உள்ள ஊர். தங்கும் வசதி உண்டு. முதல் நாள் மாலை சேர்ந்து, தரிசனம் செய்து, இரவு தங்கி, மறுநாள் காலை அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூட்டிபைலு என்ற சிற்றூருக்குச் செல்ல வேண்டும். முன்னர் அனந்தபுரம் மாவட்டமாக இருந்து, 2022ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட ஸ்ரீ சத்திய சாயி மாவட்டத்தில் இது சேர்ந்தது. அங்கே இருப்பது திம்மம்மா மர்ரிமானு. தெலுங்கில் மர்ரி என்றால் ஆல். மானு என்றால் மரம்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு ஏமாற்றமே உண்டாகும். "மரம் எங்கே? தோப்புத்தானே தெரிகிறது?" என்று நம்முடன் வந்த நண்பரின் தாயார் கேட்டார்.

"அந்தத் தோப்புத்தான் அம்மா மரம்" என்றோம்.

அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் இதற்கு எத்தனை பிள்ளைகள்!" என்றார்.

ஒரே ஆலமரம் ஏறக்குறைய 5 ஏக்கர் நிலத்தை மூடி நிற்கிறது. அளந்து கண்ட கணக்கு 19,107 சதுர மீட்டர். கால்பந்து மைதானங்கள் இரண்டரையை அதன் நிழலில் அடக்கிவிடலாம். சுற்றளவு 846 மீட்டர். பாட்டிமார்கள் மெல்லச் சுற்றி வந்தாலும் கால் மணி நேரம் ஆகும். அந்த ஒரு சுற்றே ஒரு நடைதான். உள்ளே நுழைந்தாலோ நேரம் போவதே தெரியாது. விழுதுகள் மேலிருந்து நூலாய், கயிறாய், தூணாய் வெவ்வேறு பருவத்தில் இறங்குகின்றன. தூணான விழுதுகள் தாமும் கிளைவிட்டு, அக்கிளைகளிலிருந்து மேலும் விழுதுகள் இறங்குகின்றன. மதுரையிலும் திருவரங்கத்திலும் ஆயிரங்கால் மண்டபம் கண்டவர்கள் நாம். இங்கே மண்டபமே வளர்ந்துகொண்டிருக்கிறது. வெயில் காலத்திலும் உள்ளே மண் குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினர். ஒருவனைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று.

இம்மரம் 550 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பர். திம்மம்மா என்ற பெண் நோயுற்ற தன் கணவனுக்குப் பணிவிடை செய்தாள். 1434ஆம் ஆண்டில் அவன் இறந்தபோது உடன்கட்டை ஏறினாள். சிதைக்கு நட்ட கால்களில் ஒன்று துளிர்த்து இந்த ஆலாயிற்று என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. மரத்தடியில் அவளுக்குச் சிறு கோயிலும் உண்டு. பிள்ளைப்பேறு வேண்டுவோர் வந்து தொழுவர். சிவராத்திரியில் விழா நடைபெறும். ஒரு பெண் உயிரோடு எரிந்ததைப் போற்றுதல் நமக்கு உடன்பாடு அன்று. அவள் பெயரை ஐந்நூறு ஆண்டாகக் காத்து நிற்பது கல்லோ ஏடோ அல்ல, பச்சை மரம் என்பதை எண்ணியபோது மட்டும் நெஞ்சு நெகிழ்ந்தது. இலையைப் பறிப்போர்க்குத் தீங்கு நேரும் என்று அவ்வூரார் நம்புகின்றனர். இந்த நம்பிக்கையைப் பகுத்தறிவாளர் நகையாடலாம். ஆனால் ஆடு மேய்ப்பவர் நிறைந்த வறண்ட சீமையில், விறகுக்குப் பஞ்சமுள்ள இடத்தில், 5 ஏக்கர் பச்சிலை ஐந்நூறு ஆண்டு பிழைத்திருக்கிறது என்றால், அந்த நம்பிக்கை எத்தனை காவலர் வேலையைச் செய்திருக்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும். செம்மரத்துக்கு ஒரு திம்மம்மா இல்லாமற்போனாளே என்று நாம் ஏங்கியதுண்டு.

இம்மரத்தை வெளியுலகுக்கு அறிவித்தவர் பெங்களூர்ப் பத்திரிகையாளர் சத்தியநாராயண ஐயர். தம் கட்டுரைகளுக்குப் பத்திரிகாசிரியர்கள் அனுப்பிய 'வருந்துகிறோம்' கடிதங்களைச் சேர்த்துவைத்து, அவ்வாங்கிலச் சொல்லையே பெயராகச் சூடி 'ரிகிரெட் ஐயர்' ஆனவர். அவர் முயற்சியால் 1989ஆம் ஆண்டில் கின்னஸ் நூலில், உலகில் மிகப் பரந்த மரம் என்று இது இடம்பெற்றது. கட்டுரை எழுதித் திரும்பப் பெறும் நம் போன்றோர்க்கு இஃது ஓர் ஆறுதல்.

பெருமரம் என்றதும் அமெரிக்காவின் கலிபோர்னியா மரங்களைச் சொல்வார்கள். ஜெனரல் ஷெர்மன் என்ற செக்கோயா மரம் 275 அடி உயரம். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது. கனஅளவில் தனி அடிமரமாக அதனை விஞ்சுவது இல்லை. அங்கும் மரத்தைச் சுற்றி வேலியிட்டு, செப்பனிட்ட சிறு பாதையில் குடும்பம் குடும்பமாக நடத்துகின்றனர். 2021ஆம் ஆண்டில் காட்டுத்தீ நெருங்கியபோது அதன் அடிமரத்தைத் தீத்தாங்கும் உலோகப் போர்வையால் சுற்றி வைத்தனர். நியூசிலாந்தின் கௌரி மரங்களுக்கோ நடப்போரின் செருப்பில் ஒட்டிய மண்ணே பகையாகிவிட்டது. அம்மண்ணோடு வேர்நோய் பரவுவதால், காட்டு வாயிலில் செருப்பைக் கழுவித் துடைத்தே உள்ளே விடுகின்றனர். பல பாதைகளை மூடியும்விட்டனர். பல்லாயிரங் கால்கள் மிதிக்கும்போது மண் இறுகும். இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்கா. வேர் மூச்சு முட்டும். ஆகவே வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இப்பால் நிற்பது மரத்துக்குச் செய்யும் மரியாதை.

ஆலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நடுமரம் போய்விட்டாலும் அது சாவதில்லை. கல்கத்தாவுக்கு அருகே ஹௌரா தாவரவியல் பூங்காவிலுள்ள பேராலின் நடுமரத்தை, புயலும் பூஞ்சையும் தாக்கியமையால், 1925ஆம் ஆண்டில் அப்புறப்படுத்தினர். மரமோ விழுதுகளின் மேல் நின்று இன்னும் பரவுகிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தை நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருப்போம். 1989ஆம் ஆண்டுப் புயலில் அதன் அடிமரம் சாய்ந்தது, விழுதுகள் சாயவில்லை. ஆனால் இது தானாகவே நடந்துவிடுவதில்லை. தொங்கும் இளவிழுதை ஆடு கடிக்கலாம், குழந்தை ஊஞ்சலாடி அறுக்கலாம், காற்று உலர்த்தலாம். தரையைத் தொடும் வரையில் ஒருவர் காக்க வேண்டும்.

எவ்வாறு காக்கிறார்கள் என்பதைக் கூட்டிபைலுவில் கண்டோம். மரத்தின் ஓரத்தில் சில இளவிழுதுகளை மூங்கிற் குழல்களுக்குள் விட்டிருந்தனர். குழலுக்குள் மண்ணும் எருவும் இட்டு, ஈரம் காயாமல் நீர் வார்த்தால், விழுது அந்த வழியே நேராக இறங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும் என்று அங்கிருந்த காவலர் தெலுங்கில் விளக்கினார். நம் பெண் குழலுக்குள் எட்டிப் பார்த்து, "அப்பா, உள்ளே இருட்டாக இருக்கிறதே, அதற்கு வழி தெரியுமா?" என்று கேட்டாள். காவலருக்கு அதை மொழிபெயர்த்தோம். அவர் சிரித்து, "இருட்டு இருந்தால்தான் அம்மா அது வேர்; வெளிச்சத்தில் வெறும் கயிறு" என்றார். நம் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, எந்த ஊர் உன் ஊர் என்று கேட்டால் சற்றே விழிப்பவர்கள். அந்தக் குழலின் அருகே அவர்கள் நெடுநேரம் நின்றார்கள், நாமும் விரட்டவில்லை.

சில குறிப்புகள் மட்டும் மீதம். கூட்டிபைலுவில் உணவகத்தை நம்பிச் செல்ல வேண்டா, கதிரியிலேயே கட்டிக்கொள்க. தண்ணீர் ஆளுக்கு ஒரு கூசாவேனும் வேண்டும். மாசி, பங்குனிக்குப் பின் அச்சீமையின் வெயில் கொடியது. ஐப்பசி முதல் தை வரை தக்க காலம். தலகோனா அருவியில் நீர் வேண்டுமாயின் மழைக்குப் பின் செல்க. எச்சில் இலைகளையும் காகிதங்களையும் திரும்பக் கொண்டுவர ஒரு பை தனியே இருக்கட்டும். மரத்தில் பெயர் செதுக்கும் வழக்கமுடைய இளைஞர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களது சட்டைப்பையைப் புறப்படுமுன் சோதித்துக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

கதிரிப் பாதையில் வண்டிகள் குறைவு. நேரங்களும் அவ்வப்போது மாறும். ஆதலின் போகும் வண்டியைக் காட்டிலும் திரும்பும் வண்டியை முதலில் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நன்று. நம் ஜன்னலில் வந்து கேட்பினும் சொல்வோம். பகல் பதினொரு மணிக்கு மேல் கூட்டம் குறைந்திருக்கும்.